நிற்கப் பழகிய கால்

அந்தோனிமுத்துவின் வலது காலுக்கு ஹற்றன் பஸாரில் முனாப் ஹாஜியார் போட்ட விலை மாதம் எழுபதாயிரம் ரூபாய். பகல் சோறு கடைக் கணக்கில். இடது காலுக்குத் தனி விலை கிடையாது. கிளச்சை மிதிக்க எவனுக்கும் வரும், பிரேக்கை எப்போது மிதிக்கக் கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் சம்பளம் என்பது ஹாஜியாரின் கட்சி. எண்பத்தையாயிரத்தில் தொடங்கிய பேரம், நான்கு பிளேன்டீயும் கடித்துக்கொள்ள இரண்டு மாலுபனிஸும் செலவாகி எழுபதில் வந்து நின்றது. ஐம்பத்திரண்டு வயதில், ஆண்டவர் இனாமாகத் தந்த காலுக்கு இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று அந்தோனிமுத்துவும் கையை நீட்டிவிட்டார். ஒரு மாதம் ஓட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை நிரந்தரம்.

ஹாஜியாருக்குக் கட்டடச் சாமான் கடை. சீமெந்து, கம்பி, கூரைத் தகரம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் உண்டு. தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்க அதுவரை வாடகை லொறிகளை நம்பியிருந்தவர், அந்த வருடம் சொந்தமாக ஒன்று வாங்கினார். முன்னால் மூன்று பேர் இருக்கக்கூடிய கெபின். பின்னால் கூரையும் கிடையாது, பக்கப் பலகையும் கிடையாது. ரொட்டி சுடும் தட்டைப் போல நீளமாக ஒரு வெறுந்தட்டு. அதில் ஏறும் எதுவும் கயிற்றை நம்பித்தான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கயிறு கட்டத் தெரியாமல்தான் அந்தோனிமுத்து வேலைக்கு வந்தார். இருபது வருடத்துக்கு மேலாக அவர் ஓட்டியது ஹற்றன் பொகவந்தலாவை பஸ். பஸ்ஸில் ஏறும் சரக்கு தானாகவே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். தகரத்துக்கு அந்தப் புத்தி கிடையாது. முதல் நாள் டிக்கோயாவைத் தாண்டிய வளைவில் தகரக் கட்டு ஒரு முழம் வெளியே நீண்டு, எதிரே வந்த ஓட்டோக்காரனுக்குச் சவரம் செய்யப் பார்த்தது. அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மறுநாளிலிருந்து கயிறு படியத் தொடங்கியது. மூடைக்கு எந்த முடிச்சு, தாங்கியை எப்படிப் படுக்க வைப்பது, பாரத்தோடு ஏற்றத்தில் எந்தக் கியர் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது.

கால்தான் படியவில்லை.

லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வந்தால் அது தானாகவே பிரேக்குக்குப் போகும். அடுத்தது கொழுந்து நிறுக்கிற மடுவத்தடி. அடுத்தது கோயிலடி. எந்த இடத்தில் யாராவது கையைக் காட்டினாலும் லொறி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஓரம் கட்டும். நிறுத்திய பிறகுதான் இது பஸ் இல்லை என்பது அந்தோனிமுத்துவுக்கு ஞாபகம் வரும்.

"என்ன முத்தண்ணே, ஒங்க ஓனரு கூரையையும் கழட்டி வித்துட்டாரா?"

அப்படிக் கேட்டவள் தனுஜா. கோயிலடியில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்காரி, கொழுந்து பறிக்கிறவள். அந்தப் பாதையில் வாய்க்கு வரி போட்டால் அரசாங்கத்தின் கடனில் பாதியை அவளே அடைத்துவிடுவாள். அவள் கேலி செய்த அந்த உரிமையாளர் பஸ்ஸைக் குருநாகல் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார். அதற்குப் பதிலாக வேறு பஸ் வரவில்லை. அந்தி பஸ் இல்லாமல், தூரத்து மலைக்கு வேலைக்குப் போனவர்கள் நடந்துதான் வீடு திரும்பினார்கள்.

"இது லொறி தங்கச்சி. ஆளு ஏத்த முடியாது."

"ஏத்த வேணாம். நின்னீங்கல்ல, அது போதும். இந்த மருந்துச் சீட்ட ஹற்றன்ல குடுத்து வாங்கியாந்துருங்க. இந்தா காசு."

பஸ் ஓட்டிய காலத்திலும் அந்தப் பாதையின் மருந்து, செருப்பு, கோழித் தீவனம் எல்லாம் அவர் கைவழியாகத்தான் வந்தன. இப்போது லொறியிலும் வந்தன. ஆகவே சீமெந்து பிந்தியது, தகரம் பிந்தியது, தாங்கிக்குக் காத்திருந்தவர்கள் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

இரண்டாவது வாரம் ஹாஜியார் தன் கைப்பேசியை மேசையில் வைத்துத் திருப்பினார். லொறியில் பூட்டியிருந்த கருவி, வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று அதில் காட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னெண்டு செல்லு, அந்தோனி."

"ரோடுங்க ஹாஜியார்."

"ரோட்டுல சிவப்பு சிவப்பா?"

"தெரியலீங்க."

"நீ நிண்ட எடம். ஹற்றன்ல இருந்து பொகவந்தலாவ மட்டும் ரோட்டுக்கு அம்ம நோய் போட்ட மாதிரி ஈக்கி."

"கால் பழகிருச்சுங்க."

"அப்ப கால வீட்டுல வெச்சிட்டு வா." ஹாஜியார் குரலை உயர்த்தவில்லை. குரலை உயர்த்துகிற வியாபாரியிடம் சரக்கு இல்லை என்று அர்த்தம். "தட்டுல மனுசன் ஏறக்கூடாது. ஏறி விழுந்தா இன்சூரன்ஸ்காரன் ஒரு சதம் தரமாட்டான், மறியலுக்குப் போறது நான். ஏத்தாட்டியும் நிக்க வாணாம். ரோட்டுல கை காட்டுற ஆளுக்கு இன்னொருக்கா நிண்டா, சாவிய இந்த மேசையில வெச்சிட்டுப் போ."

அன்று வீட்டில் தெரேசா ரொட்டியைத் தட்டிப் போட்டுக்கொண்டே முழுக்கதையையும் கேட்டாள்.

"அம்பத்திரெண்டு வயசுல ஒங்கள வேற யாரு எடுப்பா? நான்தான் அன்னைக்கித் தெரியாம எடுத்துட்டேன்."

"காலு சொன்னபடி கேக்க மாட்டேங்குது தெரேசா."

"நான் சொல்றபடி கேக்கும். கை தெரிஞ்ச ஒடனே 'அருள் நிறைந்த மரியே' தொடங்குங்க. ஆமென் வரைக்கும் பிரேக்க மிதிக்கக் கூடாது. மாதாவப் பாதியில நிறுத்திப்புட்டு எறங்கிருவீங்களா?"

மருந்து பலித்தது. பீலிக்கரையில் கை நீளும். அவர் ஜெபத்தைத் தொடங்குவார். ஆமென் வரும்போது மடுவத்தடி தெரியும். அங்கே இன்னொரு கை, இன்னொரு ஜெபம். முதல் ஒரு வாரத்தில் மட்டும் அவர் சொன்னது ஒரு தவக்காலம் முழுவதற்கும் போதும். கைப்பேசியில் சிவப்புப் புள்ளிகள் மறைந்தன. ஹாஜியார் பகல் சோற்றில் ஒரு முட்டை சேர்க்கச் சொன்னார்.

ஆனால் பக்கக் கண்ணாடியில் பார்த்தால், நீட்டிய கையை மடக்காமலே நின்றுகொண்டிருப்பார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை. ஏதோ அவசரம் போலிருக்கிறது என்று அவருக்காக அவர்களே காரணம் தேடிக்கொள்வது அந்த முகங்களில் தெரியும். வீட்டுக்கு வந்தால் ரொட்டி தொண்டையோடு நின்றுவிடும். நிற்க வேண்டிய இடத்தில் கால் நிற்காததால், நிற்கக்கூடாத இடத்தில் ரொட்டி நின்றது.

மாதத்தின் கடைசி நாள் சனிக்கிழமை. ஹாஜியாரும் மனைவி ரம்லாவும் பொகவந்தலாவையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தோனிமுத்து நோர்வூட்டுக்கு அப்பால் மேல்மலை லயம் ஒன்றுக்குத் தாங்கியும் தகரமும் ஏற்றிக்கொண்டு போனார். திங்கட்கிழமை ஹாஜியார் கையைக் கொடுப்பார், வேலை நிரந்தரம். இன்னும் இந்த ஒரு பயணம்தான் பாக்கி. பின்னேரம் மழை பிடித்தது. மழையோடு பனிமூட்டமும் இறங்கி, பாதையில் பாதியைத் தின்றது.

கோயிலடியைத் தாண்டிய ஏற்றத்தில், மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. அதன் பின்னால் தலைக்கு மேல் பிடித்த பிளாஸ்டிக் சீட்டுக்கு அடியில் ஒடுங்கிய நாலைந்து உருவங்கள்.

அருள் நிறைந்த மரியே வாழ்க.

கை இன்னும் வேகமாக ஆடியது. அந்தோனிமுத்து பாதையை மட்டும் பார்த்தார். ஆமென் சொல்லிவிட்டுத்தான் கண்ணாடியைப் பார்த்தார். பாதையின் நடுவில் வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி. ஓரத்தில், வெள்ளத்தில் தண்ணீர் குடித்து மூச்சு நின்றுபோன ஒரு சின்ன மாருதி. அந்த மாருதியை ஒவ்வொரு காலையும் கடை வாசலில் துடைப்பது அவர்தான்.

நெஞ்சு லொறிக்கு முன்னால் ஓடியது. ஆனால் பாரத்தோடு அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் வண்டி பின்னால் உருளும். இவ்வளவு நீளத் தட்டைத் திருப்ப அந்தப் பாதையில் ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது அவர் போய்ச் சேர வேண்டிய மேல்மலை மைதானம். கைப்பேசியில் சிக்னல் இல்லை. அந்த வளைவிலும் இருக்காது என்பது அவருக்குத் தெரியும். போனார். லயத்துப் பிள்ளைகள் தாங்கியை உருட்டி இறக்குவதற்குள் அவர் தகரக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். திருப்பிக்கொண்டு இறங்கும்போது, தெரேசாவிடம் என்ன சொல்வது என்பதை மட்டும் மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நாலும் சரிவரவில்லை.

வளைவில் இப்போது ஹாஜியாரும் பிளாஸ்டிக் சீட்டுக்கு அடியில் இருந்தார். அவரோடு ரம்லாவும், மலையில் வேலை முடித்து நடந்து வந்த ஐந்து பெண்களும். ரம்லா ஒரு போத்தல் மூடியில் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தனுஜா.

அந்தோனிமுத்து இறங்கி மழையில் நின்றார்.

"கைய காட்டினனே அந்தோனி. காணல்லயா?" என்றார் ஹாஜியார்.

"கண்டேங்க."

"கண்டுமா நிக்கல்ல?"

"ஆளுன்னு தெரிஞ்சிச்சுங்க. நீங்கன்னு தெரியல."

ரம்லா வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிடாமல் விழுங்கப் பெரும்பாடு பட்டார். "யாருக்கும் நிக்க வாணாம் எண்டு செல்லினது நீங்கதானே. அந்த மனுசன் செல்லினபடி செஞ்சீக்கி."

"ரெண்டு வாரமா எங்களுக்கும் நிக்கலீங்கம்மா," என்றாள் தனுஜா. "எங்க மேல என்னமோ கோவம்னு நெனச்சிக்கிட்டிருந்தோம். இன்னைக்கி மொதலாளிக்கும் நிக்காமப் போனதப் பாத்தப் பெறகுதான் மனசு ஆறுச்சு."

ஹாஜியார் கெபின் கதவைத் திறந்தார். "ஏறு ரம்லா."

ரம்லா அசையவில்லை. "இவங்க?"

"இவங்க என்ன?"

"இவ்வளவு நேரமும் இவங்கட சீட்டுக்கடியில நிண்டன். இவங்கட தேத்தண்ணியக் குடிச்சன். இப்ப நான் மட்டும் ஏறிப் போறதா?"

"சரி, ரெண்டு பேர முன்னுக்கு நெருக்கலாம்."

"அஞ்சு பேர்."

"மூணு. அதுக்கு மேல கியர் விழாது."

"அஞ்சு."

எதிராளி இனி விலை குறைக்கப்போவதில்லை என்பதைக் குரலிலேயே கண்டுபிடிக்காதவன் பஸாரில் கடை வைக்க முடியாது. ஹாஜியார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். "தட்டுல ஏத்தேலாது. சட்டம் அப்படி."

"ஒங்கட சட்டமா, பொலிஸ்ட சட்டமா?"

"ரெண்டும்."

அந்தோனிமுத்து தொண்டையைச் செருமினார். "ஹாஜியார், காரையும் இங்க விட்டுட்டுப் போக முடியாதுங்க. காலையில வந்தா டயர் இருக்காது. அந்தா பாருங்க, பழைய கொழுந்து மேடை."

வளைவுக்குக் கீழே, அந்தக் காலத்தில் லொறிக்குக் கொழுந்து மூடை ஏற்றக் கட்டிய கல்மேடை இருந்தது. பின்பக்கம் பாதையிலிருந்தே சரிவாக ஏறும். முன்பக்கம் லொறித் தட்டின் உயரத்துக்குச் சரியாக முடியும். அவர் லொறியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டினார். கார் கீழ்நோக்கித் தானாகவே உருண்டு வந்தது. சரிவில் ஏற்றத்தான் ஆள் தேவைப்பட்டது. ஐந்து பெண்களும் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். ரம்லா தோள் கொடுத்தார். கல்யாண ஜிப்பாவோடு ஹாஜியாரும் தோள் கொடுத்தார், முழங்கால்வரை சேறு.

"மொதலாளி, மூச்ச வாயில விடாம தோள்ல விடுங்க," என்றாள் தனுஜா.

கார் தட்டில் ஏறியது. அந்தோனிமுத்து நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, முன்னும் பின்னும் கயிறு போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் தனுஜா காரின் கதவைத் திறந்து உள்ளே ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். மற்ற நால்வரும் படங்கோடு பின்னாலேயே நுழைந்தார்கள்.

"என்ன இது?" என்றார் ஹாஜியார்.

"நாங்க லொறியில ஏறலீங்க மொதலாளி. கார்லதான் ஏறியிருக்கோம். காரு எதுக்கு மேல நிக்கிதுன்னு நாங்க எதுக்குப் பாக்கணும்?"

ஹாஜியார் காரின் சக்கரத்தையும் அதற்குக் கீழே தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அடிமாட்டு விலைக்குச் சரக்கை இழந்த வியாபாரியின் முகம் அது. ஆனால் எதிராளியின் கெட்டித்தனத்தை மெச்சாமலும் அந்த முகத்துக்கு இருக்கத் தெரியவில்லை. "மெதுவாப் போ அந்தோனி," என்று மட்டும் சொல்லிவிட்டு, ரம்லாவை ஜன்னல் பக்கம் விட்டு நடுவில் ஏறினார்.

இரண்டாம் கியரிலேயே இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் கீழே லொறி ஹோர்ன் அடிக்க, மேலே தனுஜா காரின் ஹோர்னை அடித்தாள். எதிரே வந்த ஓட்டோக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியே பார்த்தான்.

கோயிலடியில் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. அந்தோனிமுத்து திடுக்கிட்டு ஹாஜியாரைப் பார்த்தார்.

"ஏன் பாக்கிற? எறங்க வாணாமா அவங்க?"

தனுஜாவும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஹாஜியார் கதவு வழியாகத் தாள் ஒன்றை நீட்டினார். "கார் தள்ளின கூலி. அஞ்சு பேரும் பிரிச்சுக்கொள்ளுங்க."

தனுஜா அதைப் பார்த்தாள், வாங்கவில்லை. "அது பாக்கியா இருக்கட்டும்ங்க மொதலாளி. பாக்கி இருந்தாத்தானே நாளைக்கும் நிப்பீங்க."

மடுவத்தடியில் ஒருத்தி, பீலிக்கரையில் ஒருத்தி. சத்தம் கேட்டு லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முத்தண்ணன் நின்றுவிட்டார் என்ற செய்தி அவருக்கு முன்னால் ஓடியிருந்தது. ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். இன்னொருவர் ஒரு பை போஞ்சிக்காயை ஜன்னலுக்குள் போட்டுவிட்டு, விலை சொல்லாமலே போனார். ஹாஜியார் போஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு, "இது எவ்வளவு?" என்று இரண்டு தடவை கேட்டார். பதில் சொல்ல யாரும் இருக்கவில்லை. விலை தெரியாத பொருளை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது அவருக்குப் புதிது.

ஹற்றனில் காரை இறக்கிவிட்டுக் கடைக்குள் வந்ததும் அந்தோனிமுத்து சாவியை மேசையில் வைத்தார்.

"நான் ஒண்டும் செல்லலியே."

"இன்னைக்கி மூணு எடத்துல நின்னுட்டேங்க."

"அது நான் பக்கத்துல ஈந்த நேரம்."

"திங்கக்கெழம நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க. கால் நிக்கும்." அந்தோனிமுத்து சாவியையே பார்த்துக்கொண்டு பேசினார். "நிக்காம ஓட்டிப் பாத்துட்டேங்க. முடியுது. ஆனா முடியுறது எனக்குப் பிடிக்கலீங்க."

"எழுவதாயிரம்."

"தெரியுங்க."

"இந்த வயசுல வேற எவனும் தரமாட்டான்."

"அதுவும் தெரியுங்க. தெரேசா சொல்லிருச்சு."

ரம்லா ஈர முக்காட்டைப் பிழிந்துகொண்டே கணவரைப் பார்த்தார். ஹாஜியார் சாவியை ஒரு விரலால் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"ஒரு எடத்துல நிண்டா எத்தன நிமிஷம்?"

"அது ஆளப் பொறுத்துங்க."

"ஆளப் பொறுத்து எண்டு வியாபாரத்துல அளவு இல்ல. ரெண்டு."

அந்தோனிமுத்துவுக்கு நடப்பது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. "அஞ்சுங்க," என்றார்.

"தட்டுல ஆள் ஏத்துறல்ல."

"ஏத்தலீங்க. ஆனா முன்னுக்கு ரெண்டு சீட்டு சும்மா வருது. நோயாளி, புள்ளத்தாச்சி, பள்ளிச் சோதனைக்குப் போற புள்ளைங்க."

"சீட்டுக்கு மேல ஒரு ஆளும் இல்ல."

"இல்லீங்க."

"மூணு நிமிஷம்."

"மூணுங்க."

சாவி மேசையில் வழுக்கிக்கொண்டு அவர் பக்கம் வந்தது.

"இப்பக் கணக்கப் பாப்பம்," என்றார் ஹாஜியார். நல்ல வியாபாரி பாசத்தையும் கூட்டிக் கழித்துத்தான் காட்டுவான். "சரக்குப் பிந்தினதுக்கு இந்த மாசம் வெட்ட ஈந்தது ஆறாயிரம். கார இழுக்க வேற வண்டி கூப்பிட்டா பன்னிரண்டாயிரம், அது மிச்சம். கழிச்சா ஒனக்கு ஆறாயிரம் வரணும். என்னக் கண்டுட்டு நிக்காமப் போனதுக்கு ஆறாயிரம். சரியாப் போச்சு."

"நிக்க வாணாம் எண்டு செல்லினது யாரு?" என்றார் ரம்லா.

"அப்ப அதுல பாதி என்ட தலையில. மூவாயிரம்."

ஹாஜியார் சம்பளத்தோடு சேர்த்துப் பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். அந்தோனிமுத்து எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

"அந்த அஞ்சு பொம்புளைகளுக்கு?" என்றார் அந்தோனிமுத்து. "திங்கக்கெழம போறப்ப குடுத்துரட்டுங்களா?"

ஹாஜியார் மேசை லாச்சியைப் பூட்டினார். "வாணாம். அதத் தீக்க வாணாம்."

ஆக அந்த மாதக் கணக்கு: சாரதிக்கு எழுபத்துமூவாயிரம், கையில் கொடுத்தாயிற்று. போஞ்சி ஒரு பை, விலை தெரியாது, ரம்லாவின் வரவில். ஐந்து பேர் கார் தள்ளிய கூலி, பாக்கி.